மாட்டுத் தொட்டிக்கு ஏழு நாள் கெடு

வெயில் ஏறிய பிறகு மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியின் பக்கம் சத்தமில்லாமல் போய் நின்று பாருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. நீர்மட்டத்தை ஒட்டி, தலை கீழே வால் மேலே என்று சாய்ந்து தொங்கும் புழுக்கள் கண்ணில் படும். பிறகு கையை மெல்லத் தொட்டியின் மேல் நீட்டுங்கள். நிழல் விழுந்த நொடியில் அத்தனையும் உடலை நெளித்து அடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும். வராமல் முடியாது. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தாலும் கொசுப்புழுவுக்கு வெளிக்காற்றுதான் மூச்சு. வால் முனையில் இருக்கும் குழலை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டித்தான் அது காற்றை வாங்குகிறது.

பசு குடிக்க வரும்போதும் இதேதான் நடக்கிறது. அதன் தலை நிழல் பட்டதும் புழுக்கள் அடித்தளத்துக்கு இறங்கிவிடுகின்றன. மூக்குத்துளை நனையாமல் வாயை மட்டும் தண்ணீரில் வைத்து உறிஞ்சுகிற பசு, மேல்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறது. நாமும் குறைந்த அளவுக்கு நாலு குடம் ஊற்றிவிட்டு நகர்கிறோம். மாடு தினமும் குடிக்கிறது, தினமும் புதுத் தண்ணீர் விழுகிறது, அப்படியும் புழு ஏன் என்று பலர் கேட்பதற்கு விடை இங்கே இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் மாறுகிறது. புழு மாறுவதில்லை.

கிராமத்தில் இன்னும் பலர், தண்ணீர் நாள்பட்டால் தானாகவே புழு வைக்கும் என்று நம்புகிறார்கள். தண்ணீருக்கு அந்த வித்தை தெரியாது. முட்டையிட ஓர் ஆள் வந்து போயிருக்க வேண்டும். வந்தது யார் என்பதைப் புழுவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சுகாதாரத் துறைப் பணியாளர்கள் வெள்ளைக் கிண்ணம் பொருத்திய அகப்பையால் தண்ணீரை மொண்டு பார்ப்பார்கள். வீட்டில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மக் போதும். ஓரத்தில் சட்டென்று மொண்டு, சற்று நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். நீளமான குழலோடு சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணீரில் செழித்து வளர்ந்து, இரவில் கடித்து, யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. குழல் குட்டையாக, ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கினால் ஏடிஸ், டெங்குவுக்குப் பெயர்போனது. குழலே இல்லாமல் நீர்மட்டத்தோடு படுத்தபடி மிதந்தால் அனோபிலிஸ், மலேரியாக் கொசு. காற்புள்ளிபோல வளைந்து, பெரிய தலையோடு குதித்துக் குதித்து ஓடுவது புழு அல்ல, கூட்டுப்புழு. அதைக் கண்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இரண்டு நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும்.

அடியில் படிந்த வண்டலில் இரத்தச் சிவப்பாக நெளிபவை வேறு இனம். கைரோனோமிட் என்ற கடிக்காத பூச்சியின் புழுக்கள் அவை. நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அவற்றின் உடலிலும் இருக்கிறது. காற்றோட்டமே இல்லாத சேற்றிலும் பிழைக்க அது உதவுகிறது, சிவப்பும் அதனால்தான். ஆபத்தில்லாத பிராணி. ஆனால் அது இருந்தால், அந்தத் தொட்டியின் அடியை வெகுநாளாக யாரும் தேய்க்கவில்லை என்று அர்த்தம்.

கொசுவுக்கு மாட்டுத் தொட்டி மேல் ஏன் இத்தனை ஆசை? தெளிந்த குழாய்த் தண்ணீர் நிரம்பிய பாத்திரமும் மாட்டுத் தொட்டியும் அருகருகே இருந்தால், கியூலெக்ஸ் பெரும்பாலும் தொட்டியைத்தான் தேர்ந்தெடுக்கும். முட்டை சுமக்கும் கொசுக்களைப் பிடிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு பொறி வைப்பதுண்டு. அதில் இரையாக வைப்பது உலர்ந்த புல்லையோ வைக்கோலையோ பல நாள் ஊறவைத்துப் புளித்த தண்ணீர். அதிலிருந்து கிளம்பும் வாடை, இங்கே நுண்ணுயிர்கள் நிறைய உண்டு, பிறக்கப்போகும் புழுக்களுக்குத் தீனிக்குக் குறைவில்லை என்று தாய்க்கொசுவுக்குச் சொல்கிறது. இப்போது நம் தொட்டியைப் பாருங்கள். வைக்கோல் மென்ற வாயோடு பசு வந்து தண்ணீரில் வாயை வைக்கிறது. துணுக்குகள் விழுகின்றன, எச்சில் கலக்கிறது, தாடையில் ஒட்டியிருந்த தவிடும் பிண்ணாக்கும் கரைகின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் மெனக்கெட்டுத் தயாரிக்கும் கொசு இரையை நம் கொட்டகையில் மாடே தினமும் தயாரித்து வைக்கிறது. அரிசி கழுவிய நீரும் வடிகஞ்சியும் சேரும் கழனித்தொட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மிச்சம் வைக்காமல் அன்றன்றே கழுவிக் கவிழ்க்க வேண்டிய தொட்டி அது.

கியூலெக்ஸ் நூறு முதல் முந்நூறு முட்டைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டித் தெப்பமாகத் தண்ணீரின் மேலேயே மிதக்கவிடும். கறுப்பாக, அரிசியைவிடச் சிறிதாக மிதக்கும் அந்தத் தெப்பத்தைத் தூசி என்று நினைத்துவிடுவோம். தண்ணீரைக் கொட்டினால் அது போய்விடும்.

ஏடிஸ் அப்படி இல்லை. அது முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். சொரசொரப்பான சிமெண்டுச் சுவர் அதற்கு மிகவும் பிடித்த இடம். அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது. பல மாதம் வறட்சியில் கிடந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஒரு முறை நனைந்ததும் எல்லாம் பொரித்துவிடுவதும் இல்லை; சில முட்டைகள் அடுத்த முறைக்கு, அதற்கும் அடுத்த முறைக்கு என்று காத்திருக்கும். காலையில் தொட்டியை நிரப்புகிறோம். பகலெல்லாம் மாடு குடிக்க, மட்டம் இறங்குகிறது. ஈரச்சுவர் வெளியே தெரிகிறது. ஏடிஸ் வந்து முட்டை வைக்கிறது. மறுநாள் நாம் திரும்ப நிரப்புகிறோம், முட்டைகள் முங்குகின்றன. ஏடிஸ் கேட்பதும் இப்படி இறங்கி ஏறும் தண்ணீரைத்தான். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்புகிறவர் கியூலெக்ஸை விரட்டிவிட்டு ஏடிஸுக்கு வசதி செய்து கொடுக்கிறார்.

ஆகவே தொட்டியைக் காலி செய்வதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி தேய்ப்பதில் இருக்கிறது. தேங்காய் நார், கட்டைத் துடைப்பம், பிளாஸ்டிக் பிரஷ், எது கையில் கிடைக்கிறதோ அது. விளிம்பிலிருந்து அடிவரை, முக்கியமாகத் தண்ணீர் ஏறி இறங்கும் அந்த ஒரு சாண் பட்டையை, அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்த தண்ணீரைத் தொட்டியிலேயே விடாமல் வெளியேற்றி, முடிந்தால் ஒரு பொழுது வெயிலில் காயவிட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? இதற்கு நம் தட்பவெப்பமே பதில் வைத்திருக்கிறது. சமவெளிகளில் வெப்பமான மாதங்களில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிக்கிறது. புழு நான்கு முறை தோலுரித்து வளர நான்கு முதல் ஆறு நாள். கூட்டுப்புழுவாக இரண்டு நாள். ஆக முட்டையிலிருந்து கொசுவரை ஏழு முதல் பத்து நாள். நீலகிரிக் குளிரில் இது இன்னும் நீளும். ஏழு நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவினால், முட்டையிட்ட கொசுவின் ஒரு வாரிசும் பறந்து போக முடியாது. எட்டாம் நாளுக்குத் தள்ளிப்போட்டால் பலன் பாதி. கிழமையை மறக்காமல் வைத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் முழு சாமர்த்தியமும். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தால் ஞாயிறுதான்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1883இல் பெங்களூரு ராணுவ முகாமில் இளம் மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், மற்ற வீடுகளைவிடத் தன் பங்களாவில் மட்டும் கொசு அதிகம் என்று கவனித்தார். தேடிப் பார்த்ததில், ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டித் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார்; கொசுத் தொல்லை குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று அவர் சொன்னபோது, இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கக் கூடாது என்று முகாம் அதிகாரி மறுத்துவிட்டாராம். அதே ராஸ்தான் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்து, 1902இல் நோபல் பரிசு பெற்றார். நோபல் பரிசை விடுங்கள். தொட்டியைக் கவிழ்ப்பதற்கு அன்று தடை சொன்ன அதிகாரியின் வாரிசுகள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நம் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே, கொசு வளரும்படி தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது என்று பிரிவு இருக்கிறது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

புழு உள்ள தண்ணீரைக் குடித்தால் மாட்டுக்கு நோய் வருமா என்பது அடுத்த கேள்வி. கொசுப்புழுவை விழுங்குவதால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது வயிற்றில் செரித்துவிடும். பறக்கிற கொசுவால்தான் தொல்லை, அதுவும் மாட்டைவிட வீட்டு மனிதருக்கு அதிகம். ஆனால் புழு வளரும் அளவுக்கு ஊறிய தண்ணீர் மாட்டுக்கு வேறு வகையில் நட்டம். பாலில் 87 சதவீதம் தண்ணீர். கறவைப் பசு ஒன்று வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 50 முதல் 70 லிட்டர் குடிக்கும். அந்த அளவில் குறை வைத்தால் கறவையில் தெரியும். மாடு எதையும் குடிக்கும் என்று நாம் நினைக்கிறோம், அது சரியல்ல. கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், நல்ல தண்ணீரும் பக்கத்தில் இருக்கும்போது, எடைக் கணக்கில் 0.005 சதவீதம் சாணம் கலந்த தண்ணீரையே மாடுகள் ஒதுக்கின. அதாவது 100 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சாணம். அதே ஆய்வில், குட்டையில் இறங்கிக் குடித்த கிடாரிகளைவிடச் சுத்தமான தண்ணீர் குடித்த கிடாரிகள் 23 சதவீதம் கூடுதலாக எடை ஏறின. பச்சைப் பாசி மண்டிய தொட்டியில் நீலப்பச்சைப் பாசி வகைகளும் கலந்திருக்கலாம். அவற்றில் சில வெளியிடும் நஞ்சு மாட்டையே கொல்லக்கூடியது.

பாசிக்கு நம்மிடம் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது: தொட்டியின் உட்புறம் சுண்ணாம்பு அடிப்பது. கால்நடை மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள். தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் நிரப்ப வேண்டும். பாசி பிடிப்பது குறையும். கூடவே ஒரு லாபம்: வெள்ளைச் சுவரில் புழு பளிச்சென்று தெரியும். மற்றபடி சுண்ணாம்பு கொசு மருந்து அல்ல. குடிநீருக்குப் போடுகிற அளவு பிளீச்சிங் பவுடரும் கொசுப்புழுவைக் கொல்லாது. மண்ணெண்ணெயை ஊற்றினால் புழு செத்துவிடும் என்பது உண்மை. குடிக்கும் தண்ணீரில் ஊற்றுவது மடத்தனம். பாசியை அழிக்க மயில்துத்தம் போடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செம்பு நஞ்சு செம்மறி ஆடுகளைச் சீக்கிரம் தாக்கும். மாட்டுக்குத் தாங்குகிற அளவு ஆட்டின் ஈரலைக் கெடுத்துவிடும். ஆடும் மாடும் ஒரே தொட்டியில் குடிக்கும் வீடுகளில் மயில்துத்தம் வேண்டவே வேண்டாம்.

வாரம் ஒருமுறை காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளும் இருக்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் பஞ்சாயத்து கட்டிவிட்ட நீளத் தொட்டி, கிணற்றடியில் பாட்டன் காலத்துக் கல் தொட்டி. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் ஆயிரம் லிட்டரைக் கொட்டு என்று யாரிடமும் சொல்ல முடியாது. அங்கேதான் மருந்துக்கு இடம் உண்டு. நான் முதலில் சொல்வது பி.டி.ஐ. எனப்படும் ஒரு பாக்டீரியாவை. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையில் கொசுப்புழுக்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. ஏன் என்று ஆராய்ந்த யோயல் மார்கலித்தும் லெனார்ட் கோல்ட்பெர்க்கும் கண்டெடுத்தது இது. இந்தப் பாக்டீரியா தன்னுள் ஒரு புரதப் படிகத்தைச் சேர்த்து வைக்கிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களை வடித்துத் தின்னும் கொசுப்புழு இதையும் விழுங்குகிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே படிகம் கரைந்து, குடல் செல்களில் ஒட்டித் துளை போடுகிறது. ஒரு நாளுக்குள் புழு சாகிறது. மாட்டின் நான்காம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளத் தேவையான ஏற்பிகளும் மாட்டின் குடலில் இல்லை. அதனால் மாட்டுக்கோ ஆட்டுக்கோ நமக்கோ தீங்கில்லை. புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட, நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய மத்திய ஆராய்ச்சி நிலையம் உள்நாட்டு வகை ஒன்றையே உருவாக்கியிருக்கிறது.

பி.டி.ஐ.க்கும் எல்லை உண்டு. கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, ஆகவே அதை இது ஒன்றும் செய்யாது. சகதியும் கடும் வெயிலும் இதன் வீரியத்தைக் குறைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவும் இடைவெளியும் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். அடியில் ஒரு விரற்கடை வண்டலை வைத்துக்கொண்டு மேலே மருந்து தூவுவது காசை அதே வண்டலில் புதைப்பதுதான்.

சுகாதாரத் துறையினர் ஊற்றும் அபேட் என்னும் டெமிபாஸ் வேறு ரகம், அது ரசாயனம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச அளவு. ஒரு சதவீதக் குருணையாக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 100 கிராம். அளந்து போட்டால் பிரச்சினை இல்லை. 'இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லா சாகும்' என்ற நம் தாராளக் கைதான் பிரச்சினை. இதை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். களப்பணியாளரைக் கூப்பிட்டு, இது மாடு குடிக்கும் தொட்டி என்று சொல்லி ஊற்றச் சொல்லுங்கள்.

மீன் விடுவது பெரிய தொட்டிக்குப் பொருந்தும், சின்னத் தொட்டிக்கு ஆகாது. சூடேறிய தண்ணீரில் செத்துப்போகும், செத்த மீன் தண்ணீரை இன்னும் கெடுக்கும். விடுவதானால் நம் ஓடையிலேயே கிடைக்கும், தலையில் வெள்ளிப் புள்ளி மின்ன நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் சின்ன மீனைப் பிடித்து விடலாம். 1928இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன் கொசுப்புழுவைத் தின்னும், சரிதான். ஏரிக்குத் தப்பிப் போனால் நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளையின் தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவது தொட்டிக்கு வெளியே இருக்கும் சேறு. கசிவும் வழிவும் சாணத்தோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து ஒரு முழம் அகலத்துக்குக் கறுப்புச் சேறாகக் கிடக்கும். அதில் வளர்வது குலிகாய்டிஸ். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும் கடிபூச்சி, கொசுவலையின் கண்ணிலேயே நுழைந்துவிடும். செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இதுதான். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தமிழகத்தில் இந்த நோய் தலைகாட்டும். உதடும் முகமும் வீங்கி, வாய் புண்ணாகி, நொண்டி ஆடுகள் மடியும். மாடுகள் பெரும்பாலும் வெளியே அறிகுறி காட்டாமலேயே கிருமியைச் சுமந்திருக்கும். எனவே மாட்டுத் தொட்டியின் காலடிச் சேறு, பக்கத்துப் பட்டியில் இருக்கும் ஆட்டின் உயிர்ப் பிரச்சினை. தொட்டியைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சரிவான சிமெண்டுத் தளமோ, கருங்கல் ஜல்லியோ போட்டு, வழிகிற தண்ணீரை அகத்திக்கோ தென்னைக்கோ திருப்பிவிட்டால் சேறு நிற்காது.

மூன்றடி விட்டமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள சிமெண்ட் உறையைத் தொட்டியாக வைத்திருக்கிறவர்கள் பலர். அதில் சுமார் 300 லிட்டர் பிடிக்கும். ஒரு பசுவும் கன்றும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது அதிகம்; நாலு நாள் தண்ணீர் தேங்கும். ஒருநாள் தேவைக்கு மேல் பிடிக்காத அளவே நல்ல அளவு. பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் ட்ரம் அந்த வீட்டுக்குப் போதும். ஒருவரே சாய்த்துக் கவிழ்த்துவிடலாம். நேரம் வைத்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள் இடைநேரத்தில் தொட்டியை இடைவெளியில்லாமல் மூடி வைக்கலாம். ஓரத்தில் விரல் நுழையும் சந்து இருந்தால் மூடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

நம் ஊர்த் தொட்டிகள் கழுவப்படாமல் கிடப்பதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம். பெரும்பாலான தொட்டிகளுக்கு அடியில் துளையே கிடையாது. 300 லிட்டரைக் குடத்தால் மொண்டு கொட்டு என்று சொன்னால், அதுவும் அநேகமாக வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும் என்றால், வாரம் தவறாமல் யார் செய்வார்கள்? பொதுப் பணத்தில் கட்டும் தொட்டிகளிலும் இதே குறைதான். புதிதாகத் தொட்டி கட்டுகிறவர்கள், கட்டித்தரும் பஞ்சாயத்துகள், எல்லாரையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கொத்தனார் அடித்தளம் போடும்போதே தரையை ஒரு பக்கம் சரித்து, அந்தத் தாழ்ந்த மூலையில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து மூடி போடச் சொல்லுங்கள்.